பதினாறு வாரத்து அமானத்

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து சில தினங்களுக்குப் பின், அஸர் தொழுதுவிட்டு நாம் கடைக்குத் திரும்பிய வேளையில், நம் லாத்தா மகள் கையில் ஒரு கடிதத்தோடு வந்து நின்றாள். அவள் மனநூல் படித்துப் பட்டம் பெற்றவள். ஆலோசகர் வேலைக்கென்று மேற்கொண்டும் பயின்றவள். சிங்கப்பூரில் சர்க்கார் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்கு மன ஆலோசனை கூறும் அம்மையார் பிரசவ லீவில் போகிறாராம். அவர் திரும்பி வரும்வரை 16 வாரங்களுக்கு அந்த நாற்காலியில் உட்கார ஓர் ஆள் வேண்டுமாம். கடிதத்தின் சாரம் இதுவே.

"மாமா, போகலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றாள்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் கடைக்காரனாகிய நாம் உடனே ஜவாபு கூறியிருப்போம். அவள் கேட்டது அதுவல்ல. "நாலு மாதத்தில் ஒரு பிள்ளையைப் பேச வைத்து, அவன் மனசைத் திறக்க வைத்துவிட்டு, ஐந்தாம் மாதம் நான் அங்கே இருக்க மாட்டேன். இது சரியா மாமா?" என்பதே அவள் கேள்வி.

மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர வேறு படிப்பில்லாத நம்மிடம் இதை ஏன் கேட்டாள் என்று முதலில் வியந்தோம். பிறகு புரிந்தது. படித்தவர்களிடம் கேட்டால் விதிமுறையைச் சொல்வார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது ஹலால், ஹராம் என்று பிரித்துச் சொல்லும் ஒரு வாய். அன்று நாம் சொன்ன ஜவாபு தவறு என்றே இப்போது நினைக்கிறோம். முழுத் தவறு என்றும் சொல்வதற்கில்லை. வியாபாரிகளாகிய நம் ஜமாஅத் சகோதரர்கள் யோசிக்கத் தகுந்த விஷயம் இதில் இருப்பதால், அவளுடைய அனுமதி பெற்று இதை எழுதுகிறோம். பள்ளியின் பெயரையோ பிள்ளைகளின் பெயரையோ அவள் நம்மிடம் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை.

அந்த உத்தியோகம் எத்தகையது என்பதை முதலில் கூறிவிடுவது நல்லது. நம்மவரில் பலர், கவுன்சிலர் என்றால் பிரம்பெடுக்கும் வாத்தியாருக்கு இன்னொரு பெயர் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறோம். நாமும் அப்படித்தான் இருந்தோம். சிங்கப்பூரில் 2008 அளவிலேயே பள்ளி ஒவ்வொன்றிலும் முழுநேர ஆலோசகர் ஒருவர் அமர்த்தப்பட்டுவிட்டார். அவரால் தனித்துத் தாங்க முடியாத பிள்ளைகளுக்காக, மனநலக் கழகத்தின் தலைமையில் 'ரீச்' என்னும் குழு 2007 முதல் பள்ளிகளுக்குத் துணை செய்து வருகிறது. மலேசியாவில் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம் வந்த பின், பதிவு செய்துகொள்ளாத எவரும் தம்மைக் கவுன்சிலர் என்று அழைத்துக்கொள்ள முடியாது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது முன்பு இரு நாடுகளிலும் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. சிங்கப்பூரில் 2020 ஜனவரி முதலும், மலேசியாவில் 2023-லும் அது நீக்கப்பட்டது. மார்க்கத்தில் அது பாவம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அப்படியொரு நினைவு வந்த பிள்ளை அதை வெளியே சொன்னால் போலீஸ் வருமோ என்று பயப்பட வேண்டிய காலம் போயிற்று.

அந்த அறையில் நடப்பது என்ன? ஒரு சிறிய மேசை, இரண்டு மூன்று நாற்காலி, கண் துடைக்கும் காகிதம் ஒரு பெட்டி, விளையாட்டுச் சீட்டுக் கட்டு ஒன்று, வண்ணப் பென்சில்கள். ஆசிரியர் அனுப்பி ஒரு பிள்ளை வரும். தானாகவே ஒரு பிள்ளை கதவைத் தட்டும். வந்த முதல் நாளே எவரும் கொட்டிவிடுவதில்லையாம். முதல் சில வாரம் சீட்டு விளையாடிக்கொண்டு, கேட்ட கேள்விக்கு 'ஆம், இல்லை' என்று மட்டும் சொல்லிப் போகும். நாலாவது, ஐந்தாவது வாரத்தில் ஏதோ ஒரு சொல் தவறி விழும். அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பம். இங்கே கணக்குப் பார்க்க வேண்டும். 16 வாரத்தில் ஜூன் மாத விடுமுறை 4 வாரம் கழிந்தது. மீதம் 12. வாரம் ஒரு சந்திப்பு என்றால் 12 சந்திப்பு. அதில் பரீட்சைக்கும் விளையாட்டு விழாவுக்குமாக இரண்டு போகும். பத்துச் சந்திப்பில் பாதி, பிள்ளையின் வாய் திறப்பதற்கே சரி. ஆக, வாய் திறந்த பிள்ளைக்குக் கிடைப்பது ஐந்து சந்திப்பு. கடையில் இப்படி ஒரு கணக்கு வந்தால் அந்தச் சரக்கை நாம் தொடவே மாட்டோம்.

ஆகவே நாம் அன்று, "வேண்டாம் அம்மா" என்றோம்.

காரணமும் கூறினோம். பிள்ளை சொல்லும் ரகசியம் ஓர் அமானத். ஒருவர் பேசும்போது, யாரேனும் கேட்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தாராயின் அந்தப் பேச்சே அமானத் ஆகிவிடும் என்ற கருத்தில் ஹதீஸ் உண்டு. (அந்த அறையில் ஒவ்வொரு பிள்ளையும் பேசுமுன் கதவைப் பார்க்கிறது என்று பின்னால் அவள் சொன்னபோது நமக்கு உடல் சிலிர்த்தது.) நம் ஷாஃபியீ கிதாபுகளில், பாதுகாக்கச் சக்தியில்லாதவன் அமானத்தை ஏற்பது ஹராம் என்று தெளிவாக வந்திருக்கிறது. சக்தியிருந்தும் தன் மீது தனக்கே நம்பிக்கையில்லாதவன் ஏற்பது மக்ரூஹ். இரண்டும் உள்ளவன் ஏற்பது நல்லது. "நாலு மாதத்தில் இடத்தைக் காலி செய்யப்போகிறவள் நீ, பாதுகாக்க உனக்கு ஏது சக்தி?" என்றோம். நம் பெரியவர்கள் காலத்தில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் கப்பல்காரர்களும் நம் கடைகளில் பணம் கொடுத்து வைப்பார்கள். சீட்டும் கிடையாது, சாட்சியும் கிடையாது. கடையை மூடிக்கொண்டு ஊருக்குப் போகப்போகிறவன் அந்தப் பணத்தைக் கைநீட்டி வாங்கினால் அவனை என்னவென்று சொல்வோம்? இப்படியெல்லாம் பேசினோம். நன்றாகப் பேசியதாகவே நினைத்துக்கொண்டோம்.

அவள் சற்று நேரம் சும்மா இருந்தாள். "நான் போகாவிட்டால் அந்த நாலு மாதமும் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் மாமா?" என்றாள். வைத்த டீயைக் குடிக்காமலே போய்விட்டாள்.

அன்றிரவு நமக்குச் சரியான உறக்கமில்லை. மறுநாள் இஷாவுக்குப் பின், நாம் வழக்கமாகக் கேட்டுக்கொள்ளும் உஸ்தாதிடம் போய், பெயர் குறிப்பிடாமல் மஸ்அலாவை வைத்தோம். அவர் சிரித்துவிட்டு, "பாபின் முதல் வரியை ஓதிவிட்டுக் கிதாபை மூடிவிட்டீர்கள்" என்றார். பிறகு அவர் விளக்கியதை நம் அறிவுக்கு எட்டிய வரையில் எழுதுகிறோம். பிழையிருந்தால் பிழை நம்முடையது.

அமானத்தைப் பாதுகாக்க வேறு ஆளே இல்லை, இவர் ஒருவர்தான் என்றாகிவிட்டால், தகுதியுள்ள அவர் ஏற்பது கடமையாகிவிடுகிறது. இது ஒன்று. சக்தியில்லாதவன் ஏற்பது ஹராம் என்றதும் கூட, உடைமைக்காரருக்கு அவன் நிலைமை தெரியாதபோதுதான். தெரிந்தே கொடுத்தால் குற்றமில்லை என்று கூறிய இமாம்கள் உண்டு. அதை மறுத்தவர்களும் உண்டு. எல்லாவற்றிலும் நம்மைத் தூக்கிப் போட்டது இன்னொரு சட்டம். சிறு பிள்ளை ஒன்று தன் பொருளைக் கொண்டுவந்து கொடுத்தால், அதை வாங்கவே கூடாது. வாங்கினால், வாங்கியவன் அதற்கு முழுப் பொறுப்பாளி. அது அவனுடைய குற்றமின்றித் தொலைந்தாலும் ஈடு கொடுக்க வேண்டும். பெரியவர் கொடுத்த அமானத் அப்படியல்ல. அலட்சியம் இல்லாமல் தொலைந்தால் ஈடு இல்லை. பிள்ளையின் விஷயத்தில் இவ்வளவு கடுமை. ஆனால் அதற்கும் ஒரு விலக்கு இருக்கிறது. பிள்ளையின் கையிலேயே விட்டால் பொருள் அழிந்துபோகும் என்று அஞ்சி, நன்மையை நாடி வாங்கி வைத்தவன் மீது அந்தப் பொறுப்புச் சுமத்தப்படுவதில்லை.

பிள்ளையின் மனத்திலிருக்கும் பாரத்தைப் பொருளோடு வைத்துச் சட்டம் பேசலாமா என்று கேட்பீர்கள். உஸ்தாதும் அதைத்தான் சொன்னார்: இது ஃபத்வா அல்ல, யோசிக்க ஒரு வழி என்று. ஆனால் நமக்கு அந்த ஒரு விலக்கு போதுமாக இருந்தது. பிள்ளையின் கையில் விட்டால் அழிந்துபோகக்கூடியது அந்த அறையில் இருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் நம் லாத்தா மகள் கேட்க வேண்டிய கேள்வி 'ஏற்கலாமா' என்பதல்ல. 'போகும்போது என்ன செய்வது' என்பதுதான்.

அதற்கும் கிதாபில் வழியிருக்கிறது. அமானத்தை வைத்திருப்பவன் பிரயாணம் புறப்பட்டால், உடைமைக்காரரிடமோ அவருடைய வகீலிடமோ திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர்கள் கிடைக்கவில்லையானால் காஜியிடம். காஜியும் இல்லையானால் நம்பிக்கையான ஒருவரிடம். தூக்கிக்கொண்டு பிரயாணம் போனால் பொறுப்பு அவன் மீது. மண்ணில் புதைத்துவிட்டு, அங்கே குடியிருக்கும் நம்பிக்கையானவர் எவருக்கும் சொல்லாமல் போனாலும் பொறுப்பு அவன் மீதே. இந்தக் கடைசிச் சட்டத்தை எத்தனையோ தடவை ஓதியிருக்கிறோம். மண்ணில் புதைக்கும் காலமா இது என்று அலட்சியமாகக் கடந்திருக்கிறோம்.

நாம் உடனே லாத்தா வீட்டுக்குப் போன் செய்து, நம் ஜவாபை வாபஸ் வாங்கிக்கொண்டோம். அவளோ அதற்குள் ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டிருந்தாள். பிள்ளைகள் இப்போதெல்லாம் மரியாதைக்காகத்தான் கேட்கிறார்கள் போலும்.

வியாபாரிகளுக்கு இதில் ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. ஆள் மாறுவது நமக்குப் புதிதா? மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார் கிட்டங்கிகள் இருந்த காலத்தில், மேலாள் மூன்று ஆண்டுக் கணக்குக்கு வருவார்; கணக்கை முடித்து அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் போவார். கடன் வாங்கியவர் மேலாளிடம் வாங்கவில்லை, விலாசத்திடம் வாங்கினார். ஆள் மாறலாம், விலாசம் மாறாது. நம் கூட்டுக்கடைகளிலும் பங்காளி ஒருவர் ஊர் போனால் இன்னொருவர் வந்து பெட்டியடியில் உட்காருவார். அதுபோலப் பள்ளிக்கூடம் என்பது ஒரு விலாசம். ஆலோசகர் மாறினால் என்ன கெட்டுவிட்டது?

இதை நாம் அவளிடமே சொல்லிப் பார்த்தோம். "பிள்ளைக்கு விலாசம் தெரியாது மாமா, முகம்தான் தெரியும்" என்றாள். அதற்கு மேல் பேச நம்மிடம் ஒன்றுமில்லை. நம் கடையிலும் அப்படித்தான் அன்றோ? 'அந்தத் தம்பி இல்லையா?' என்று கேட்டுவிட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்பிப் போகும் கிழவிகளை நாம் பார்க்கவில்லையா? கணக்குப் புத்தகத்தை மாற்றிக் கொடுக்கலாம். முகத்தை மாற்றிக் கொடுக்க ஏடு இல்லை.

ஆயினும் விலாசம் உறுதியாக இல்லாத இடத்தில் முகமும் நிற்பதில்லை என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். கோவிட் நோய்க்குப் பின் 2021-ல் அந்நாட்டு சர்க்கார் பள்ளிகளுக்கென்று ஏறக்குறைய 12,200 கோடி டாலர் ஒதுக்கியது. 2024 செப்டம்பர் 30-க்குள் அதை இன்னின்ன செலவுக்கு என்று ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்பது கெடு. அந்தப் பணத்தைக் கொண்டு பல பள்ளிகள் மனநல ஊழியர்களை அமர்த்தின. கெடு முடிந்ததும் பல இடங்களில் அந்த நாற்காலிகளும் போயின. 2022 மே மாதம் டெக்சஸ் மாநிலத்து யூவால்டி என்னும் ஊரில் ஆரம்பப் பள்ளி ஒன்றில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தத் துக்கத்தில் பிறந்த சட்டம் பள்ளிகளின் மனநல வேலைக்கு 100 கோடி டாலர் கொடுத்தது. 2025 ஏப்ரலில், அடுத்து வந்த அரசாங்கம் அந்த உதவியைத் தொடர முடியாதென அறிவிக்க, மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. பள்ளி மனநூலார் ஒருவருக்கு 500 மாணவர்களுக்கு மேல் கூடாதென்பது அந்நாட்டு மனநூலார் சங்கத்தின் அளவுகோல். பெரும்பாலான மாநிலங்கள் அதை எட்டியதில்லை. ஆள் போதாத பள்ளிகளுக்கு ஏஜென்சிகள் சில மாத ஒப்பந்தத்தில் ஆளனுப்புகின்றன. சில மாதத்துக்கு ஒரு முகம் வருகிறது. பிறகு இன்னொரு முகம். இங்கே நம் லாத்தா மகளின் நிலை அவ்வளவு மோசமில்லை. போனவர் திரும்பி வரப்போகிறார். நாற்காலி நிலையானது, உட்கார்ந்தவள்தான் இரவல்.

இனி நடந்ததைச் சொல்கிறோம். விவரங்களை மாற்றியே எழுதுகிறோம்.

ஒவ்வொரு பிள்ளையிடமும் முதல் சந்திப்பிலேயே இரண்டு செய்தியை அவள் சொல்லிவிட்டாள். தான் ஆகஸ்டு மாதம் வரைதான் இருப்பேன் என்பது ஒன்று. பிள்ளையின் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் அதை மட்டும் மறைத்து வைக்க மாட்டேன் என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்லும்போதுதான் கஷ்டமாக இருந்தது என்றாள். ஒரு பையன், "அப்ப எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டானாம். இவளிடம் ஜவாபில்லை. "நீ சீட்டு விளையாட ஆள் வேண்டாமா?" என்றாளாம். அவன் விளையாடினான். அந்தப் பையன்தான், நாம் மேலே போட்ட கணக்கையெல்லாம் பொய்யாக்கி, மூன்றாவது சந்திப்பிலேயே பேசினான். போகப்போகிறவரிடம் சொல்வது சிலருக்குச் சுலபமாம். ரயிலில் முன்பின் தெரியாதவரிடம் குடும்பக் கதையைச் சொல்வதில்லையா? இது நமக்குத் தோன்றவேயில்லை. தற்காலிகம் என்பது குறை மட்டுமே என்று நினைத்திருந்தோம்.

மற்றொரு பையன், இருப்பதை விட இல்லாமல் போவது மேல் என்று ஒருநாள் சொன்னான். எப்படி, எப்போது என்பது வரையில் யோசித்து வைத்திருந்தான். முன்பே சொன்னபடி அவள் பள்ளியின் பொறுப்பாளரிடம் அறிவித்தாள், அன்றே பெற்றோரை அழைத்தார்கள், ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். பையன் இவளைப் பார்த்து, "நீங்களும் அவங்க மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு, இரண்டு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. அந்த இரண்டு வாரமும் பிள்ளை மெலிந்துபோனாள் என்று லாத்தா சொன்னார். அமானத்துக்குத் துரோகம் செய்துவிட்டோமோ என்று நம்மிடம் கேட்டாள். பிள்ளை கொடுத்த பொருளைப் பிள்ளையின் வலியிடம் சேர்ப்பதுதான் அதைத் திருப்பிக் கொடுப்பது என்றோம். மண்ணில் புதைத்தவனின் சட்டத்தையும் எடுத்துச் சொன்னோம். மூன்றாவது வாரம் அந்தப் பையன் வந்தான். மன்னிப்புக் கேட்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை; சீட்டுக் கட்டை எடுத்துக் கலைத்தானாம்.

அந்தப் பெற்றோரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நம்மவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியும். 'எங்கள் பிள்ளைக்கு அப்படியெல்லாம் ஒன்றுமில்லை' என்போம். யாராவது பார்த்துவிட்டால் நாளைக்குச் சம்பந்தம் பேச வருவார்களா என்று பயப்படுவோம். ஓதி ஊதிய தண்ணீரைக் கொடுப்போம். அதில் பரக்கத் உண்டு, நாம் மறுக்கவில்லை. காய்ச்சலுக்குத் தண்ணீரும் ஓதிக் கொடுத்து டாக்டரிடமும் அழைத்துப் போகிற நாம், இதற்கு மட்டும் ஏன் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறோம் என்பதுதான் நம் கேள்வி.

ஜூலை மாதக் கடைசியில் அவள் மறுபடி கடைக்கு வந்தாள். "போவதை எப்படிச் சொல்வது மாமா? முதல் நாளே சொன்னேன்தான். ஆனால் அவர்கள் மறந்துவிட்ட மாதிரி இருக்கிறார்கள்" என்றாள். படிப்பில் இதற்கு முறை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாலு வாரம் முன்பிருந்தே சொல்லிக்கொண்டு வர வேண்டுமாம். இருந்தும் நம்மிடம் கேட்டாள். இதற்கு மட்டும் ஜவாபு சொல்ல நமக்கு யோக்கியதை இருந்தது.

நம் வாப்பா சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார்; நாம் ஊரில் உம்மாவிடம் வளர்ந்தோம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்று மாத லீவில் வருவார். இதை வாசிக்கும் சகோதரர்களில் பாதிப் பேருக்கு இதுவே கதை. வந்த முதல் மாதம் அவர் யாரோ ஒருவர். மிட்டாயும் சட்டைத் துணியும் கொடுக்கும் விருந்தாளி. இரண்டாவது மாதம் மெல்ல மடியில் உட்காருவோம். மூன்றாவது மாதத்தில்தான் சொல்ல ஏதோ இருக்கும். பள்ளியில் ஒருவன் அடித்தது, இரவில் வரும் பயம், உம்மாவிடம் சொல்லக் கூடாதவை. அப்போது ஒருநாள் விடியும்போது கண் விழித்தால், வாசலில் வாப்பாவின் செருப்பு இராது. பிள்ளைகள் அழுவார்கள் என்று, நாம் உறங்கும்போதே மதராஸ் ரயிலைப் பிடிக்கப் போயிருப்பார். அதை அவர் இரக்கம் என்றே நினைத்தார். மூன்றாவது தடவை அவர் வந்தபோது நாம் மடியில் உட்காரவில்லை. வயது ஏழு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிக்கொண்டோம். அந்தப் பழக்கம் அவர் மவுத்தாகும் வரை மாறவில்லை. அவரைக் குறை கூறவில்லை. அவர் அனுப்பிய பணத்தில்தான் ஓதினோம், உண்டோம். அல்லாஹ் அவர் கப்ரை விசாலமாக்குவானாக.

ஆகவே அவளிடம், "நீ என்ன வேண்டுமானாலும் செய் அம்மா, பிள்ளை தூங்கும்போது மட்டும் போகாதே" என்றோம். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுடைய வாப்பாவும் கடைக்காரர்தான்.

அப்போது நமக்கு ஹிஜ்ரத் நினைவுக்கு வந்தது. கி.பி. 622-ல் ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு ரகசியமாகப் புறப்பட்டார்கள். கொல்லக் காத்திருந்தவர்களிடையே அவர்கள் சொல்லிக்கொண்டு புறப்பட வழியில்லை. ஆனால் அந்தப் பட்டணத்தார், விரோதிகளாயிருந்தும், தங்கள் பொருள்களை அவர்களிடமே அமானத்தாக வைத்திருந்தார்கள். ஆகவே அலீ (ரலி) அவர்களை நிறுத்திவிட்டுப் போனார்கள். அலீ (ரலி) மூன்று நாள் மக்காவில் தங்கி, அவரவர் பொருளை அவரவரிடம் ஒப்படைத்த பின்பே புறப்பட்டார்கள். இதை மீலாது மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! 'அல்அமீன்' என்ற பெயரின் பெருமைக்கு உதாரணமாக மட்டுமே கேட்டோம். விடிந்ததும் ஜவாபு சொல்ல ஓர் ஆளை வைத்துவிட்டுப் போனார்கள் என்பதாக ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசி மூன்று வாரமும் அவள் அதையே செய்தாள். பழைய ஆலோசகர் லீவு முடிந்து வந்ததும், இரண்டு நாள் இருவரும் சேர்ந்து இருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் அழைத்து, மூவருமாக உட்கார்ந்தார்கள். அதற்கு முன்பே பிள்ளையிடம், "எதை நான் அவர்களிடம் சொல்லலாம், எதை நீயே சொல்வாய், எதைச் சொல்லவே வேண்டாம்?" என்று கேட்டு, அதன்படி ஏட்டில் எழுதி வைத்திருந்தாள். ஆபத்து சம்பந்தப்பட்டதை மட்டும் பிள்ளையின் விருப்பத்துக்கு விடவில்லை. பெரும்பாலான பிள்ளைகளிடம் இது நடந்தது. சீட்டு விளையாடிய பையன், புதியவருக்கு ஆட்டம் தெரியுமா என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டானாம்.

ஒரு பெண்பிள்ளையிடம் நடக்கவில்லை. அவள் பத்தாவது வாரத்தில்தான் வாய் திறந்தவள். "திரும்பவும் முதலிலிருந்தா? எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, மூவரும் உட்கார வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. கடைசி நாள் இவள் வகுப்பு வாசல் வரை போய் நின்றாள். அந்தப் பிள்ளை பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட்டது. இவள் ஒரு துண்டுக் காகிதத்தில் தான் போவதையும், அடுத்து யாரிடம் போகலாம் என்பதையும் எழுதி, வகுப்பாசிரியை மூலம் சேர்த்துவிட்டு வந்தாள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது எப்படியிருக்கிறது என்று சில மாதம் கழித்து நாம் கேட்டோம். "தெரியாது மாமா. நான் கேட்கவும் கூடாது" என்றாள். வேலை முடிந்த பின் அந்தப் பிள்ளையின் செய்தி அவளுக்கு உரியதல்ல என்பது விதி. அது சரியான விதிதான். அமானத்தை ஒப்படைத்தவன் திரும்பிப் போய், 'பெட்டியைத் திறந்து காட்டு' என்று கேட்க முடியாது. ஆனால் அந்தப் பிள்ளை விஷயத்தில் ஒப்படைக்கப்பட்டதா, அல்லது வாசலில் வைத்துவிட்டு வந்ததா என்பது நமக்கு இன்னும் தெளிவாகவில்லை. உஸ்தாதிடம் கேட்டோம். "பிள்ளை தானே வாங்க மறுத்தால்..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல், "துஆ செய்யுங்கள்" என்றார்.

இந்த மாதம் வேறொரு சர்க்கார் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இம்முறை 10 வாரமே. நம்மிடம் போகலாமா என்று அவள் கேட்கவில்லை. கடிதத்தை மட்டும் காட்டினாள். நாம் வாசித்துவிட்டு, "போகும்போது யார் கையில் கொடுப்பாய்? கேட்டாயா?" என்றோம். நேர்காணலில் அவள் முதலில் கேட்டதே அதுதானாம். பள்ளிக்கு ஓர் ஆலோசகர் ஏற்கெனவே இருக்கிறார், இவள் இரண்டாமவள், பத்து வாரமும் அவர் பக்கத்து அறையிலேயே இருப்பார் என்றார்களாம். அன்று டீயைக் குடித்துவிட்டு, கடையிலிருந்து இரண்டு சீட்டுக் கட்டு எடுத்துக்கொண்டு போனாள். காசு வாங்கவில்லை.